வாசலில் வந்து நிற்கும் வீடு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்காவில் ஆர்.வி. ஓட்டுகிறவர்களிடமும் ஒரு மூன்று கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. மாலை 3 மணிக்குள் வண்டியை நிறுத்திவிடு. போன இடத்தில் 3 நாளாவது தங்கு. நம் பழமொழி மூன்று நாளில் கிளம்பச் சொல்கிறது, அவர்கள் கணக்கு மூன்று நாளாவது இருக்கச் சொல்கிறது. காரணம் எளிது. அங்கே விருந்தாளி தன் வீட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வருகிறார்.

கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை, குளியலறை எல்லாம் உள்ளடங்கிய வண்டிதான் ஆர்.வி. பஸ் அளவில் ஒரு ரகம், வேன் அளவில் ஒரு ரகம், ஓட்டுநர் தலைக்கு மேலே பரண் போலப் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ரகம் இன்னொன்று. இன்ஜின் இல்லாமல், பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர்கள் தனி. விற்பனையில் அவைதான் அதிகம். பிள்ளைகளைக் கேட்டால் அந்தப் பரண் படுக்கைக்குத்தான் போட்டி.

பெரியவர்கள் இதை வாங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. மகன் ஒரு மாநிலத்தில், மகள் ஒரு மாநிலத்தில், அப்பா அம்மா மட்டும் பழைய ஊரில் என்று அங்கே குடும்பங்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்குச் சிதறிக் கிடக்கின்றன. விமானத்தில் போனால் நாலு மணி நேரம்தான். ஆனால் போய் இறங்கியதும், பிள்ளை வீட்டில் அறை ஒழித்துத் தர வேண்டும், கடைக்குப் போகவும் யாராவது கூட்டிப் போக வேண்டும், நாயைப் பிறர் பொறுப்பில் விட்டு வந்த கவலை வேறு. ஐம்பது வருடம் தனக்கென ஒரு அடுப்பங்கரை வைத்திருந்தவருக்கு அடுத்தவர் அடுப்பங்கரையில் ஒரு டம்ளர் எடுக்கவும் தயக்கம் வரும். ஆர்.வி. இந்தத் தயக்கத்தைத் தீர்க்கிறது. பேரன் பேத்தி இருக்கும் இடத்துக்குப் பத்தடி தூரத்தில், தன் தலையணையில், தன் மாத்திரை டப்பா பக்கத்தில் தூங்கலாம்.

கொரோனா காலத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. விமானமும் ஹோட்டலும் பயமுறுத்திய நாட்களில், வீட்டோடு போய் வாசலில் நின்று பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வர முடிந்தது. 2021-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஆர்.வி.கள் வெளியே வந்தன. அதுவரை இல்லாத உச்சம். அவற்றில் பெரும் பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற ஒரே வட்டாரத்தில் கட்டப்பட்டவை. அதே ஆண்டு எடுக்கப்பட்ட ஆய்வு ஒன்று, 1.12 கோடி அமெரிக்கக் குடும்பங்களிடம் ஆர்.வி. இருப்பதாகச் சொன்னது. பயம் விலகியதும் வேகமும் அடங்கியது. 2023-ல் வெளியே வந்தவை சுமார் 3.13 லட்சம்தான்.

இப்படி வீட்டோடு கிளம்பியவர்களில் உலகம் அறிந்தவர் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960-ல், 58 வயதில், ஒரு பிக்கப் வண்டியின் மேல் சிறு வீடு கட்டி, அதற்கு டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரான ரோசினாண்டே என்று பெயரும் வைத்து, சார்லி என்ற பூடில் நாயோடு நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டார். அமெரிக்காவைத் தேடிய பயணம் என்றுதான் அது பேசப்படுகிறது. வழித்தடத்தைப் பார்த்தால் பாதிக்குமேல் சொந்தபந்தம். சிகாகோவில் மனைவி வந்து சேர்ந்துகொண்டார். கலிஃபோர்னியாவின் மாண்ட்டெரேயில் சகோதரிகள். நன்றி நவிலும் நாளுக்கு மனைவி பிறந்த டெக்சாஸ். அது கென்னடியும் நிக்சனும் மோதிய தேர்தல் வருடம் ஆகையால், சகோதரிகளோடு அரசியல் பேசி வாக்குவாதம் முற்றியதையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1962-ல் வெளியான ‘டிராவல்ஸ் வித் சார்லி’ நூல் சொல்லும் பயணத்தில், வண்டியில் கழித்த இரவுகளைவிட ஹோட்டலில் கழித்தவை அதிகம் என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளர் அதே வழியில் போய்ப் பார்த்து எழுதினார். இருக்கலாம். ரோசினாண்டே இன்றும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில், அவர் பெயரிலுள்ள காட்சியகத்தில் நிற்கிறது. எட்டிப் பார்த்தால் படுக்க இடம், ஒரு சின்ன மேஜை. சகோதரி வீட்டுக்குப் போக அது போதுமாக இருந்திருக்கிறது.

வழியில் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் இந்தப் பயணத்தின் ருசியே இருக்கிறது. சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்குப் போகும் ஐ-90 நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். பாஸ்டனில் ஆரம்பித்து சியாட்டிலில் முடியும் இந்தச் சாலையின் மொத்த நீளம் 3,000 மைலுக்கும் சற்று அதிகம். அந்நாட்டு மாநிலங்களிடைச் சாலைகளில் இதுதான் நீளமானது. சிகாகோவிலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,060 மைல், அதாவது 3,300 கிலோமீட்டர். காரில் விடாமல் மிதிப்பவர்கள் இரண்டு மூன்று நாளில் போய்விடுவார்கள். ஆர்.வி.க்கு ஒரு வாரம்.

300 மைல் கணக்கு இந்தச் சாலையில் அளந்து வைத்தாற்போல் பொருந்துகிறது. முதல் இரவு மிசிசிப்பி ஆற்றங்கரையில் லா க்ராஸ். இரண்டாம் இரவு தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ். இடையில் மினசோட்டாவில் ப்ளூ எர்த் என்ற சிற்றூர் வருகிறது. ஐ-90-ன் கிழக்கு மேற்குத் துண்டுகள் 1978-ல் அங்கேதான் கைகோத்தன. அந்த இடத்தில் சாலைக்குப் பொன்னிறம் பூசிக் கொண்டாடினார்கள். ஊருக்குள் 55 அடி உயரப் பச்சை அசுரன் சிலை ஒன்றும் நிற்கிறது. டப்பாவில் அடைத்த பட்டாணி விற்ற கம்பெனியின் சின்னம் அது. பிள்ளைகள் அதன் கால் விரலைத் தொட எம்பி எம்பிக் குதிப்பார்கள். ஐந்து நிமிட நிறுத்தம்தான், ஆனால் அடுத்த நூறு மைலுக்குப் பேச்சு அதைப் பற்றித்தான்.

சூ ஃபால்ஸைத் தாண்டினால் நிலம் மாறுகிறது. மரம் குறைந்து, வானம் பெருத்து, காற்று பக்கவாட்டில் அறைய ஆரம்பிக்கும். தெற்கு டகோட்டாவில் மட்டும் இந்தச் சாலை 412 மைல் ஓடுகிறது. மணிக்கு 80 மைல் வேகத்துக்கு அனுமதி உண்டு. ஆர்.வி. ஓட்டுகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்து ஏமாறுவதில்லை. டிரெய்லர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கு என்று செய்யப்பட்டவை. பெரிய லாரி ஒன்று உரசாத குறையாகக் கடந்து போகும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். தகர டப்பா போல உயரமாக நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங் பிடித்த இரு கைகளும் மதியத்துக்குள் கனத்துவிடும். மூன்று மணிக்கு நிறுத்து என்ற விதி சோம்பேறித்தனத்தில் பிறந்ததல்ல. இருட்டில் தெரியாத இடத்தில் 30 அடி வண்டியைப் பின்னால் எடுப்பதும், நாள் முழுக்க ஓட்டிய களைப்பும் சேர்ந்தால்தான் கூரை கிளையில் மாட்டுகிறது, கணவன் மனைவிக்குள் சண்டையும் மூள்கிறது.

மிட்செல் நகரில் மக்காச்சோள மாளிகை. 1892-ல் தொடங்கிய வழக்கம். இப்போதுள்ள கட்டடம் 1921-ஐச் சேர்ந்தது. வெளிச்சுவர் முழுவதும் பல நிறச் சோளக்கதிர்களை ஆணியடித்து ஓவியமாக்கியிருப்பார்கள். அதைப் பிரித்துவிட்டு அடுத்த ஓவியத்துக்கு ஆயத்தமாவதும் வழக்கம். அங்கிருந்து ஒரு மணி நேரம் போனால் மிசௌரி ஆறு. சேம்பர்லெயின் என்ற ஊரின் ஓய்விடத்தில், ஆற்றைப் பார்த்தபடி 50 அடி உயரத்தில் ஒரு பழங்குடிப் பெண் நட்சத்திரப் போர்வையை விரித்துப் பிடித்து நிற்கிறாள். டேல் லாம்ஃபியர் செய்த இந்த ‘டிக்னிட்டி’ சிலை 2016-ல் நிறுவப்பட்டது. லகோட்டா, டகோட்டா மக்களுக்கான மரியாதை இது. போர்வையில் பதித்த நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் தகடுகள் காற்றில் அசைந்து மின்னும். வண்டியை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டு, ஃபிளாஸ்கில் காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அடுத்த ஊரைப் பிடிக்கும் அவசரத்தில் போகிறவர் கண்ணில் இது மலைமேல் ஒரு புள்ளியாகத்தான் படும்.

மூன்றாம் இரவுக்கு வால் என்ற ஊர். இதன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1931-ல் டெட் ஹஸ்டெட் என்ற மருந்துக் கடைக்காரர் இந்தப் பொட்டல்காட்டு ஊரில் ஒரு மருந்துக் கடையை வாங்கினார். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம், கூடவே வறட்சி. ஐந்து வருடம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று அவரும் மனைவி டாரதியும் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஐந்தாவது கோடை, 1936-ல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாரதி குழந்தையோடு கண்ணயரப் போனார். தூக்கம் வரவில்லை. சாலையில் கார்கள் கடகடவென்று போய்க்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்திலிருந்துதான் யோசனை பிறந்தது. இத்தனை பேர் வெயிலில் தாகத்தோடு போகிறார்களே, ஐஸ் தண்ணீர் இலவசம் என்று பலகை வைத்தால் என்ன? டெட் பலகைகளை எழுதிச் சாலையோரம் நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கடையில் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். தண்ணீர்ப் பந்தல் வைக்கும் நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தாகத்துக்கு நின்றவர் சற்று உட்காருவார், உட்கார்ந்தவர் ஏதாவது வாங்குவார். இன்று ‘வால் டிரக்’ என்ற அந்த மருந்துக் கடை ஒரு தெரு நீளத்துக்கு வளர்ந்து, கோடையில் ஆயிரக்கணக்கானவர்களை இழுக்கிறது. ஐஸ் தண்ணீர் இன்றும் இலவசம். காபி 5 சென்ட்.

பக்கத்திலேயே பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. மழையும் காற்றும் அரித்து அரித்து வரிவரியாக நிற்கும் மண்மலைகள். 62 வயது நிறைந்த அமெரிக்கர்களுக்கு 80 டாலரில் ஆயுள் முழுக்கச் செல்லும் அட்டை ஒன்று உண்டு. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் அதைக் காட்டி உள்ளே போகலாம், பல அரசு முகாம்களில் தங்கும் கட்டணமும் பாதி. பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா நாலு பூங்காவைச் சுற்றிக்கொண்டு போவதற்கு இந்த அட்டையும் ஒரு காரணம். ஆகஸ்ட் முதல் வாரங்களில் மட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது. ஸ்டர்ஜிஸ் ஊரில் லட்சக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் கூடும் திருவிழா அப்போதுதான். முகாம்களில் இடமே கிடைக்காது.

மொன்டானாவில் சாலை லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை ஒட்டிப் போகிறது. 1876 ஜூனில் கஸ்டர் தலைமையிலான அமெரிக்கப் படையைப் பழங்குடிகள் வீழ்த்திய இடம். அதைத் தாண்டி யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் பில்லிங்ஸ். இன்றைய முகாம் கலாசாரத்துக்கு ஒரு தாய்வீடு இந்த ஊர். 1962-ல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கூரையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு இந்த வழியே சாரிசாரியாகப் போவதை டேவ் டிரம் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் கவனித்தார். ஆற்றோரத் தோட்டத்தில் இடம் ஒதுக்கி, மேஜை, அடுப்பு, சுடுதண்ணீர்க் குளியலறை எல்லாம் வைத்து, இரவுக்கு 1.75 டாலர் வாங்கினார். கே.ஓ.ஏ. என்ற முகாம் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். இன்று வட அமெரிக்கா முழுக்க அதன் முகாம்கள் 500-க்கும் மேல்.

காசு கொடுக்காமல் ஒரு இரவைக் கழிக்கவும் வழி உண்டு. வால்மார்ட் கடைகள் பலவற்றில், மேலாளரிடம் கேட்டு, உள்ளூர்ச் சட்டமும் இடம் கொடுத்தால், வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் தூங்கிவிட்டுப் போகலாம். ‘ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்’ என்ற அமைப்பில் சேர்ந்தால் பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஒரு இரவு நிறுத்தலாம். பதிலுக்கு அங்கே விளைந்ததை ஏதாவது வாங்குவது மரியாதை. மகள் வீட்டுக்குத் தேனும் பாலாடைக்கட்டியும் அப்படித்தான் போய்ச் சேர்கின்றன.

மலையேற்றம் கடைசியில் வருகிறது. ப்யூட் நகருக்கு முன்னால் ஹோம்ஸ்டேக் கணவாய் 6,329 அடி. ஐ-90-ன் உச்சி அது. சியாட்டிலுக்கு முன் ஸ்னோகுவால்மி கணவாய். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்று நம் ஊட்டி ஓட்டுநர்கள் சொல்வது இங்கேயும் சட்டம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி மலையில் புகை வரும்.

கார்களுக்கான வழிகாட்டிச் செயலியை நம்பிக் கெட்டவர்களும் உண்டு. வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயரமே இருந்த ரயில் பாலம், லாரிகளின், ஆர்.வி.களின் கூரையை உரித்து எடுப்பதில் பெயர்பெற்றது. 2019-ல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்திய பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. பால்டிமோரின் துறைமுகச் சுரங்கப் பாதைகளில் கேஸ் சிலிண்டரோடு ஆர்.வி. நுழையக் கூடாது, சமையல் கேஸ் இல்லாத ஆர்.வி. அபூர்வம். அதற்கு மாற்றாக இருந்த கீ பாலம் 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி விழுந்துவிட்டதால் இப்போது நகரின் மேற்கே வளைந்து போகிறார்கள்.

ஒருவழியாக மகள் வீடு. இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பம்.

உறவினர் வாசலில் இலவசமாக நிறுத்திக்கொள்வதற்கு ‘மூச்டாக்கிங்’ என்று பெயர். ஓசி நிறுத்தம் என்று சொல்லலாம். பெயரில்தான் ஓசி, ஒழுங்காகச் செய்கிறவர்கள் முன்கூட்டியே போன் போட்டு அளவு கேட்பார்கள். வாசல் பாதை எவ்வளவு நீளம், சரிவு எத்தனை, குறுக்கே கம்பி போகிறதா, மரக்கிளை எந்த உயரத்தில். பல நகராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் வீட்டு வாசலில் ஆர்.வி. நிற்பதற்கு நாள் வரம்பு வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்துவிட்டால் அப்பா போன பிறகு மகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி நின்றதும் சக்கரத்தடியில் மரக்கட்டைகள் போகும். சமமட்டம் முக்கியம். பழைய வகை ஆர்.வி. ஃப்ரிட்ஜ் அம்மோனியாவைச் சூடாக்கி ஓடுவது. சாய்ந்து நின்றால் திரவம் தேங்கி, குளிர்ச்சி நின்று, காலப்போக்கில் ஃப்ரிட்ஜே கெட்டுப்போகும். அம்மா தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்து உருள்கிறதா என்று பார்ப்பார், அப்பா கட்டையை மாற்றி மாற்றி வைப்பார். அடுத்து மின்சாரம். வீட்டு வெளிச்சுவரில் இருப்பது 15 ஆம்பியர் பிளக். வண்டி கேட்பது 30 அல்லது 50. இடையில் ஒரு அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் கிடைப்பது 1,800 வாட்தான். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவை அழுத்தினால் மகள் வீட்டு பிரேக்கர் டிரிப் ஆகி, பேரன் பார்த்துக்கொண்டிருந்த டிவி அணைந்து, உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்கும். இரண்டாம் நாளுக்குள் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். யாராவது ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார்கள், யாராவது நிறுத்துவார்கள், பால் சூடாகும்.

கழிவுத் தொட்டி இரண்டு. கழிவறைக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று. மகள் வீட்டுச் சாக்கடையில் இதைத் திறந்துவிடும் எண்ணம் நாகரிகம் தெரிந்தவருக்கு வராது. அதற்கென்று உள்ள இடத்துக்குப் போய், முதலில் கழிவறைத் தொட்டியைக் காலி செய்து, பிறகு மற்றதைத் திறப்பார்கள். சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். அதனால் வாசலில் நிற்கும் நாட்களில் பெரும்பாலோர் குளியலுக்கு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். சாப்பாடும் உள்ளேதான். இரவு ஒன்பது மணிக்கு, குட்நைட் சொல்லிவிட்டு, வாசல் விளக்கில் நாலு எட்டு நடந்து தங்கள் படி ஏறிவிடுவார்கள். அந்த நாலு எட்டு தூரம் இரு தரப்புக்கும் மூச்சுவிட இடம் தருகிறது. வீட்டுக்காரர்கள் தங்கள் வழக்கப்படி சண்டை போட்டுக்கொள்ளலாம், பெரியவர்கள் அதிகாலை நாலரைக்கு எழுந்து யாரையும் எழுப்பாமல் காபி போட்டுக்கொள்ளலாம்.

சியாட்டிலை ஒட்டிய பெல்வ்யூ, ரெட்மண்ட் பகுதிகளில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் ஆறு மாதத்தில், வேறு மாநிலத்திலுள்ள அண்ணன் வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் அவர்களிலும் உண்டு. நீண்ட கார் பயணத்தில் கால் வீங்கும் அப்பாவுக்கு நீட்டிப் படுக்க இடம், நினைத்த நேரத்தில் கழிவறை, வழியெல்லாம் ரொட்டி தின்ன வேண்டாத நிம்மதி. மூன்று பர்னர் கேஸ் அடுப்பில் குக்கர் வைத்துவிடலாம். கடுகு தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட வேண்டும். இத்தனை சின்ன இடத்தில் மிளகாய்ப் புகைக்கு அலாரம் உடனே அலறிவிடும்.

இது மலிவான வழி அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரிய மோட்டார்ஹோம் ஒன்று கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் நல்லது. லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட வராது. சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்கு ஒரு வழிக்கு மட்டும் கிட்டத்தட்ட 975 லிட்டர். அதோடு முகாம் கட்டணம், இன்ஷூரன்ஸ், டயர். இரண்டு விமான டிக்கெட் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தெரிந்தேதான் கிளம்புகிறார்கள்.

பிள்ளைகள் பெற்றோரைத் தேடிப் போன கதையும் இருக்கிறது. மிச்சிகனின் பிரெஸ்க் ஐல் பகுதியில் வாழ்ந்த நார்மா பாவர்ஷ்மிட்டின் மகன் டிம்மும் மருமகள் ராமியும் டிரெய்லரையே வீடாக்கி ஊர் ஊராகச் சுற்றியவர்கள். வருடாவருடம் பெற்றோர் வீட்டுக்கு வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போவார்கள். 2015 கோடையில் வந்தபோது அப்பா லியோ காலமானார். அதே நாட்களில் 90 வயது நார்மாவுக்குக் கருப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு என்று மருத்துவர் அடுக்கியதை நார்மா வேண்டாம் என்றார். மகனும் மருமகளும் எங்களோடு வருகிறீர்களா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றார். டிரெய்லரை விட்டுவிட்டு 36 அடி மோட்டார்ஹோம் ஒன்றை ஏற்பாடு செய்து, சக்கர நாற்காலியையும் ரிங்கோ என்ற பூடில் நாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஓராண்டுக்கு மேல், 32 மாநிலங்கள், சுமார் 13,000 மைல். வெப்பக்காற்று பலூனில் ஏறினார், வாழ்நாளில் தொடாத உணவுகளைச் சாப்பிட்டுப் பார்த்தார். 2016 செப்டம்பர் 30 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் தீவு ஒன்றிலுள்ள ஃப்ரைடே ஹார்பரில், 91 வயதில், மகனும் மருமகளும் அருகிருக்க இறந்தார்.

எல்லாருக்கும் இப்படி மகன் வாய்ப்பதில்லை. கண் மங்கி, கை நடுங்கி, இனி ஸ்டீயரிங் பிடிக்க முடியாது என்ற நாள் ஆர்.வி. வாசிகளுக்கும் வருகிறது. வண்டியை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போவது அவர்களுக்கு இரண்டாவது முறை வீட்டை இழப்பது போல. 1978-ல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதி தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ சங்கம் இதற்கு ஒரு வழி செய்தது. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் அவர்களுடைய ‘ரெயின்போஸ் எண்ட்’ பூங்காவுக்குள் ‘கேர்’ என்ற பராமரிப்பு மையம் இருக்கிறது. முதியவர்கள் தங்கள் வண்டியிலேயே, தங்கள் கட்டிலிலேயே இருக்கலாம். சாப்பாடு மையத்தில். துணி துவைக்க, மருத்துவரிடம் போய்வர ஆள் உண்டு. சக்கரங்கள் நகர்வதில்லை, அவ்வளவுதான். சுற்றிலும் ஆர்.வி. பூங்கா என்பதால், பார்க்க வரும் பிள்ளைகள் தங்கள் வண்டியைக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, கரண்ட் கேபிளை மாட்டிவிட்டு, அம்மா இருக்கும் வண்டியின் கதவைத் தட்டலாம்.